ஒறிஜினல் சாமான்

லேத் ஆறு பழப்பெட்டிகளிலும் ஒரு பழைய போர்வையிலுமாக எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. போர்வைக்குள் இருந்தது அதன் பெட், மற்ற எல்லாவற்றையும் தன்மேல் தாங்கும் நீண்ட வார்ப்பிரும்பு. மிச்சமெல்லாம் பெட்டிகளுக்குள் கிடந்தன: பல்சக்கரங்கள், கைப்பிடிகள், தண்டுகள், பிஸ்கட் ரின்னுக்குள் போட்ட திருகுகள், எதிலிருந்து கழன்றவை என்று சொல்ல முடியாத சில இரும்புத் துண்டுகள். கராச் தரையில் பழைய பத்திரிகைகளை விரித்து அவற்றைப் பரப்பினேன். மகள் வாசலில் நின்று பார்த்தாள்.

“அப்பா, எல்லாம் இருக்குதா?”

எனக்குத் தெரியாது என்றேன். உண்மையும் அதுதான்.

டேர்பி நகரில் ஒரு மூதாட்டியிடம் அதை வாங்கினேன். கணவர் இறந்து இரண்டு வருடமாகியிருந்தது. துப்புரவு செய்யவென்று இயந்திரத்தைக் கழற்றத் தொடங்கியவர் அதைத் திரும்பப் பூட்டாமலே போய்விட்டார். அந்த அம்மா விலையைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்: இதைத் துண்டு துண்டாக விற்கமாட்டீர்கள்தானே? எனக்கு முன்னர் வந்த ஒருவர் அந்த நோக்கத்தோடுதான் வந்தாராம். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டதாகச் சொன்னார். விற்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுப்பதற்கு அப்போது பெரிதாக யோசிக்கவில்லை.

பழைய லேத் ஒன்றை முழுதாக விற்றால் கிடைக்கும் காசைவிட, கழற்றிச் சக்கை வேறு, பல்சக்கரங்களை வேறு, வால்பகுதியை வேறு என்று விற்றால் அதிகம் கிடைக்கும். இங்கிலாந்தில் இது ஒரு தொழிலாகவே நடக்கிறது. கடைசியில் மிஞ்சுவது தேய்ந்த பெட். அது பழைய இரும்புக்குப் போகும்.

*

பழைய இயந்திரத்தை அடையாளம் காண்பது ஊரில் புதிதாக வந்த ஒருவரை விசாரிப்பது மாதிரி. பெயர் என்ன, தகப்பனார் ஆர், எந்தப் பகுதி. எங்களுடைய லேத்தின் பெயர்த்தகடு எப்போதோ கழன்று, ஆணித் துளைகள் மட்டும் மிச்சமிருந்தன. பச்சை வர்ணத்தைச் சுரண்டினால் கீழே சாம்பல் நிறம் வந்தது. பெட்டின் வால்பக்க முனையில் எண்ணெயும் தூசியும் சேர்ந்து இறுகியிருந்த இடத்தை மண்ணெண்ணெயால் துடைத்தேன். மகள் கைபேசி விளக்கைச் சரித்துப் பிடித்தாள். விளக்கை நேரே பிடித்தால் ஒன்றும் தெரியாது. சரித்துப் பிடித்தால் இரும்பில் பொறித்த எழுத்துக்கு நிழல் விழும்.

“கே,” என்றாள். பிறகு இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

மைஃபோர்ட் நிறுவனம் தன்னுடைய எம்.எல்.7 லேத்துகளுக்குக் கொடுத்த தொடரெண்கள் கே என்ற எழுத்தோடு தொடங்கும். சூப்பர் 7 என்ற அடுத்த வகைக்கு எஸ்.கே. எங்கள் இலக்கத்தை வைத்துப் பார்த்தால் இது 1950களின் தொடக்கத்தில் செய்தது. ஊர், நொட்டிங்ஹாம் நகரத்தை ஒட்டிய பீஸ்டன்.

நொட்டிங்ஹாம் என்ற பெயரை நான் இங்கு வருவதற்கு முன்பே அறிவேன். எங்கள் வீட்டு றலி சைக்கிளின் முன்பக்க இலச்சினையில் அந்தப் பெயர் இருந்தது. அந்த நகரின் றலி வீதியில் 1880களில் தொடங்கிய சைக்கிள்தான் பிறகு யாழ்ப்பாணத்தின் செம்மண் ஒழுங்கைகளில் ஓடியது. சைக்கிளுக்கும் முன்னே அங்கே லேஸ் பின்னும் தொழில் இருந்தது. ஜோன் லீவர்ஸ் 1813இல் நொட்டிங்ஹாமில் உருவாக்கிய லேஸ் இயந்திரத்துக்கு ஆயிரக்கணக்கான மெல்லிய பித்தளைப் பொபின்கள் வேண்டும். எல்லாம் ஒரே தடிப்பில் இருக்கவேண்டும். ஒன்று சற்றுத் தடித்தாலும் இயந்திரம் நின்றுவிடும். பீஸ்டனிலேயே ஹம்பர் சைக்கிள் தொழிற்சாலை 1908 வரை நடந்தது. சின்ன உலோகப் பாகங்களை ஒன்றைப்போல் ஒன்றாகச் செய்யப் பழகிய கைகள் அந்த ஊரில் நிறைய இருந்தன. 1934இல் செசில் மூர் என்பவர் அங்கேதான் மைஃபோர்ட் நிறுவனத்தைத் தொடங்கினார்.

எம்.எல்.7 வந்தது 1946இல். அந்த வருடம் முக்கியம். போர்க்காலத் தொழிற்சாலைகளில் லேத் வேலை பழகிய பலர் வீடு திரும்பியிருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டில், அதற்குள் ஒரு சின்ன லேத், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மாதிரி நீராவி எஞ்சின் என்று வாழ விரும்பிய மனிதர்கள் இருந்தார்கள். ‘மொடல் எஞ்சினியர்’ என்ற அவர்களுடைய சஞ்சிகை 1898 முதல் வந்துகொண்டிருந்தது. எம்.எல்.7 இல் 7 அங்குல விட்டமுள்ள பொருளைச் சுழற்றலாம். இரண்டு பேர் சேர்ந்தால் தூக்கலாம். பல பத்தாண்டுகள் அதன் சந்ததி தொடர்ந்தது. 2011இல் பீஸ்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. பெயரும் உதிரிப்பாகங்களும் யோர்க்ஷயரில் உள்ள இன்னொரு நிறுவனத்துக்குப் போயின.

பெயர் தெரிந்துவிட்டது, ஊர் தெரிந்துவிட்டது. இனிப் பாகங்கள்.

*

எனக்கு லேத்தின் பாகங்களைச் சொல்லித் தந்தவர் யாழ்ப்பாணத்தில் ஒரு சந்தியில் பட்டறை வைத்திருந்தார். நாங்கள் அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். 1991இல் எனக்குப் பதினைந்து வயது. பள்ளிக்கூடம் விட்டதும் அங்கே போய் நிற்பேன். முதல் சில மாதம் இரும்புச் சீவலைக் கூட்டி அள்ளுவதுதான் வேலை. அதற்குப் பிறகுதான் பெட்டைத் துடைக்க விட்டார்.

லேத்துக்குத் தலையும் வாலும் உண்டு என்று அங்கேதான் கற்றேன். இடப்பக்கம் இருப்பது தலை, ஹெட்ஸ்டொக். அதற்குள் சுழலும் தண்டு ஸ்பிண்டில். ஸ்பிண்டிலின் மூக்கில் ஏறுவது சக், அது பொருளைக் கவ்விப் பிடிக்கும். வலப்பக்கம் வால், டெயில்ஸ்டொக். நீண்ட பொருளின் மறுநுனியை அது தாங்கும். தலைக்கும் வாலுக்கும் நடுவே பெட்டின்மேல் போய்வருவது சாடில். வெட்டும் கத்தி அதன்மேல் இருக்கிறது. பெட்டின் முன்னால் நீளமாக ஓடும் திருகு லீட் ஸ்குரூ. அது சுழன்றால் சாடில் தானாக நகரும்.

‘கடைதல்’ என்ற சொல் எங்களிடம் பழையது. மோரையும் கடைகிறோம், தொட்டில் காலையும் கடைகிறோம். மத்தில் கயிற்றைச் சுற்றி இருபக்கமும் மாறி மாறி இழுத்தால் எப்படிச் சுழலுமோ அப்படித்தான் பழைய கடைசல் பட்டறையும் சுழன்றது. ஒருவர் கயிற்றை இழுக்க, மற்றவர் உளியைக் கையால் பிடிப்பார். மரத்துக்கு அது போதும். இரும்பைக் கையால் பிடித்த உளியால் கடைந்தால், எவ்வளவு கைகாரராக இருந்தாலும் ஒரு தண்டு போல மற்றது வராது.

அண்ணையின் பட்டறையில் அப்போது மின்சாரம் இல்லை. 1990இல் போர் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்கு மின்சாரமும் இல்லை, எரிபொருளும் இல்லை. தண்ணீர் இறைக்கும் பம்ப் எஞ்சினைச் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றி, தட்டைப் பெல்ட் ஒன்றால் லேத்தோடு கொழுவியிருந்தார். மண்ணெண்ணெய்ப் புகை கண்ணை எரிக்கும். பழைய லொறி அக்சிலை வெட்டி சைக்கிள் அச்சு செய்வார். பம்ப் வால்வு, மோட்டார் சைக்கிள் புஷ், தையல் மிசின் பாகம் என்று வராத சாமான் இல்லை. ஒருநாள் ஒருவர் செய்து வாங்கிய அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஒறிஜினல் மாதிரி உழைக்குமோ?” என்று கேட்டார்.

அண்ணை கையைத் துடைத்தபடியே, “இப்ப இதுதான் ஒறிஜினல்,” என்றார்.

நாங்கள் சிரித்தோம். அந்தப் பதிலுக்குள் இருந்த வரலாறு எனக்கு அப்போது தெரியாது.

*

ஒறிஜினல் பாகம் என்ற எண்ணமே இருநூறு வருடத்துக்குச் சற்று மேற்பட்டது. அதற்கு முன்னே ஒரு பட்டறையில் செய்த போல்ற்றுக்கு அதற்கென்று செய்த நட் மட்டும்தான் பொருந்தும். கழற்றும்போது எந்த நட் எந்தப் போல்ற்றுடையது என்று குறியிட்டு வைக்காவிட்டால் திரும்பப் பூட்டமுடியாது. அப்படியான உலகில் உதிரிப்பாகம் என்று ஒன்று இருக்கமுடியாது. கடையில் வாங்கி மாட்டலாம் என்ற நினைப்பே வராது.

அதை மாற்றிய இயந்திரங்களில் முக்கியமானது லேத். லண்டனில் பூட்டுச் செய்த ஜோசப் பிராமாவிடம் ஹென்றி மோட்ஸ்லே என்ற இளைஞர் வேலை செய்தார். வாரம் 30 ஷில்லிங் சம்பளத்தை உயர்த்தித் தரும்படி கேட்டார். பிராமா மறுத்தார். மோட்ஸ்லே 1797இல் வெளியேறித் தன் சொந்தப் பட்டறையைத் தொடங்கினார். திருகு வெட்டும் லேத்தை அவருக்கு முன்னரும் சிலர் செய்திருக்கிறார்கள். ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 1770களிலேயே நுட்பமான ஒன்றைச் செய்தார். மோட்ஸ்லே மூன்று விடயங்களை உறுதியான இரும்பு உடலில் ஒன்றுசேர்த்தார்: கத்தியைக் கைக்குப் பதிலாகப் பிடிக்கும் நகரும் தாங்கி, அதை நகர்த்தும் லீட் ஸ்குரூ, இரண்டுக்கும் இடையிலான வேகத்தை மாற்றும் பல்சக்கரங்கள். 1800ஆம் ஆண்டளவில் அவர் செய்த லேத் ஒன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மகளோடு போய்ப் பார்த்தேன். அவ்வளவு சிறியது. “இவ்வளவுதானா?” என்றாள். அந்த இவ்வளவுதான் எங்கள் கராச் தரையில் கிடந்தவற்றின் பாட்டன்.

மோட்ஸ்லேயிடம் வேலை பழகியவர்களில் ஒருவர் ஜோசப் விட்வேர்த். அவர் நாட்டின் பல பட்டறைகளிலிருந்து போல்ற்றுகளைச் சேகரித்து, புரிகளை அளந்து, சராசரி எடுத்தார். 1841இல் ஒரு பொதுத் திட்டத்தை முன்வைத்தார். புரியின் கோணம் 55 பாகை. கால் அங்குலத் திருகுக்கு அங்குலத்தில் 20 புரி, அரை அங்குலத்துக்கு 12, ஓர் அங்குலத்துக்கு 8. உலகில் ஒரு நாடு முழுவதற்கும் பொதுவான முதலாவது திருகு அளவு அதுதான். பிரித்தானியர் போன இடமெல்லாம் அது போனது. பிஸ்கட் ரின்னுக்குள் இருந்த திருகுகளுள் பலவற்றை இனம்பிரிக்க எனக்கு விட்வேர்த்தின் அட்டவணைதான் உதவியது. மில்லிமீற்றர்ச் சாவி எதுவும் அவற்றின் தலையில் ஒழுங்காக உட்காரவில்லை.

லீட் ஸ்குரூவை அளந்தபோது ஒரு சின்ன மகிழ்ச்சி காத்திருந்தது. எம்.எல்.7 இன் லீட் ஸ்குரூவில் அங்குலத்துக்கு 8 புரி. அதாவது ஒரு சுற்றுக்கு அங்குலத்தின் எட்டில் ஒன்று. எங்கள் ஊர் மேசன்மாரும் தச்சர்மாரும் அங்குலத்தின் எட்டில் ஒன்றை என்னவென்று சொல்வார்கள்? ஒரு நூல். பீஸ்டனில் செய்த அந்தத் தண்டு ஒருமுறை சுற்றினால் சாடில் சரியாக ஒரு நூல் நகரும். மகளுக்கு இதைச் சொன்னேன். அவளுக்கு நூல் என்றால் தைக்கிற நூல்தான். அளவாகவும் ஒரு நூல் இருந்தது என்று அன்றைக்குத்தான் கேள்விப்பட்டாள்.

நூல் கணக்கில் ஓடும் இயந்திரத்தில் மில்லிமீற்றர்ப் புரி வெட்டுவதற்கு ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். பிரித்தானியத் தொழில்துறை இதை 1930இல் ஏற்றது. 1959இல் ஆங்கிலம் பேசும் நாடுகள் சேர்ந்து அதையே பொதுவாக்கின. 25.4ஐ ஐந்தால் பெருக்கினால் 127. ஆகவே 127 பல்லுள்ள சக்கரம் ஒன்று இருந்தால் ஓர் அளவிலிருந்து மற்றதற்குப் பிசகாமல் மாறலாம். 127 ஒரு பகா எண். அதைவிடச் சிறிய சக்கரம் எதனாலும் அந்த மாற்றத்தை முழுச் சரியாகச் செய்யமுடியாது.

எங்கள் பெட்டிகளில் 127 பல்லுச் சக்கரம் இல்லை. ஆனால் எண்ணிப் பார்த்தால் 21 பல்லுள்ள சக்கரம் ஒன்று இருந்தது. மற்றவையெல்லாம் பெரும்பாலும் ஐந்தைந்தாக ஏறும் எண்கள்: 20, 25, 30, 35. இந்த 21 எதற்கு? விடை பல்சக்கரப் பெட்டியின் மூடியில், உட்பக்கம், பென்சிலால் எழுதியிருந்தது. இறந்துபோனவரின் கையெழுத்தாக இருக்கவேண்டும். 21க்கு 40, 30க்கு 50 என்று சேர்த்தால் 1 மில்லிமீற்றர்ப் புரி வரும். கடதாசியில் கணக்குப் பார்த்தேன். சரியாகச் சொன்னால் 1.000125 மில்லிமீற்றர். ஒரு மீற்றர் நீளத்துக்கு வெட்டினாலும் பிழை ஒரு மில்லிமீற்றரின் எட்டில் ஒன்றுதான். எங்களுக்குத் தேவையான குட்டித் திருகுகளில் அந்தப் பிழையை எவராலும் காணமுடியாது.

*

இவ்வளவும் ஒரு பக்கம்: எண்ணி, அளந்து, அட்டவணையில் பார்த்து அடையாளம் காணக்கூடிய பாகங்கள். ஸ்பிண்டில் மூக்கின் புரி ஒன்றேகால் அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு, அங்குலத்தில் 12 புரி. பல பத்தாண்டுகள் அது மாறவில்லை. ஆகவே வேறொரு மைஃபோர்ட்டின் சக் இதில் ஏறும். இழந்த பல்சக்கரம் ஒன்றை வாங்கலாம். விட்வேர்த் கண்ட கனவு அதுதான்.

ஆனால் லேத்துக்குள் இன்னொரு வகைப் பாகமும் இருக்கிறது. அதை ஒரு தவறின் மூலம்தான் கற்றேன்.

எம்.எல்.7 இன் ஸ்பிண்டில் இரண்டு வெள்ளை உலோகத் தாங்கிகளில் சுழல்கிறது. ஒவ்வொரு தாங்கிக்கும் மேலே ஒரு மூடி. மூடிக்கும் உடலுக்கும் இடையே, இருபக்கமும், மெல்லிய தகடுகள் அடுக்கடுக்காக ஒட்டிய சிம் உண்டு. தாங்கி தேயத் தேயத் தகட்டை ஒவ்வொன்றாக உரித்தால் மூடி சற்றுக் கீழிறங்கும். ஆக நான்கு சிம். நான்கும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருந்தன. நான்கையும் ஒரே ரின்னில் மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினேன். துடைத்து வெயிலில் வைத்தபோதுதான் எது எந்தப் பக்கத்தது என்று தெரியாமல் நின்றேன்.

“கழற்றுற ஒழுங்கிலை அடுக்கு. பூட்டேக்கை அதுதான் உனக்கு வழி சொல்லும்,” என்று அண்ணை எனக்கு எத்தனை தரம் சொல்லியிருப்பார்.

எழுபது வருடமாக வெவ்வேறு கைகள் அந்தச் சிம்களை வெவ்வேறு அளவில் உரித்திருந்தன. ஒரு தாங்கி ஒருபக்கம் கூடுதலாகத் தேய்ந்திருக்கும், அதற்கேற்ற சிம் மெலிந்திருக்கும். மாற்றிப் பூட்டியபோது ஸ்பிண்டில் அசையவில்லை. பலவந்தமாகச் சுற்றியிருந்தால் வெள்ளை உலோகம் கீறுப்பட்டிருக்கும். மைக்ரோமீற்றரால் ஒவ்வொன்றையும் அளந்து, இருபத்துநான்கு விதமாக அடுக்கிப் பார்க்கக்கூடியதை ஆறாம் தடவையில் கண்டுபிடித்தேன். அதற்கு மூன்று சனிக்கிழமைகள் போயின.

உலகத்துக்கு ஒன்றுபோல் ஒன்றான பாகங்களைச் செய்து கொடுத்த இயந்திரத்தின் உள்ளே, மோட்ஸ்லேக்கு முந்திய உலகம் இன்னும் இருக்கிறது. தாங்கியும் மூடியும் ஒரு சோடி. சாடிலும் பெட்டும் ஒரு சோடி. ஒன்றோடொன்று உராய்ந்து, ஒன்றுக்கேற்ப மற்றது தேய்ந்து, வருடக்கணக்கில் பழகியவை. பாக எண் கொடுத்து இவற்றை வாங்கமுடியாது. பிரித்து விற்றால் மற்ற எல்லாம் வேறு இயந்திரங்களில் வாழும். இவை வாழா.

*

இந்த நேரத்தில்தான் பழைய இயந்திரங்களை வாங்கி உடைத்து விற்கும் ஒருவர் வீட்டுக்கு வந்தார். சக் ஒன்று வாங்கவென்று நான்தான் தொடர்புகொண்டிருந்தேன். தரையைச் சுற்றிப் பார்த்தார். சாடிலைத் தூக்கிப் பின்பக்கத்தைக் காட்டினார். அங்கே ஒரு பித்தளைத் துண்டு, ஏறத்தாழச் சாடிலின் அகலத்துக்கு, நான்கு திருகுகளால் இறுக்கியிருந்தது. தொழிற்சாலையில் செய்த சாமான் அல்ல என்று பார்த்தவுடன் தெரியும். ஓரத்தில் அரத்தின் தடம் இருந்தது.

“ஆரோ கை வைச்சிருக்கிறான்,” என்ற கருத்தில் ஏதோ சொன்னார். பெட்டும் தேய்ந்துவிட்டது, சாடிலும் ஒறிஜினல் இல்லை, இதில் நேரத்தை வீணாக்காமல் பாகமாகக் கொடுத்துவிடுங்கள் என்றார். அவர் சொன்ன தொகை நான் கொடுத்த விலையைப் போல ஒன்றரை மடங்கு. அந்த மாதம் எங்களுக்கு அந்தக் காசு தேவையாகவும் இருந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். டேர்பி அம்மாவுக்கு இது தெரியவரப்போவதில்லை என்ற நினைப்பும் வந்தது. மறைக்க விரும்பவில்லை.

அன்றிரவு அந்தப் பித்தளைத் துண்டைக் கழற்றி எறிவோம் என்று சாவியோடு போனேன். எறிவதற்கு முன் அது எதற்கு என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. சாடிலைப் பெட்டின்மேல் வைத்துத் தள்ளிப் பார்த்தேன்.

எம்.எல்.7 இன் பெட் தட்டையானது, முன்னும் பின்னுமாக இரண்டு தண்டவாளங்கள். ஆரம்பகால இயந்திரங்களில் சாடில் முன் தண்டவாளத்தை மட்டுமே இருபக்கமும் அணைத்துக்கொண்டு ஓடும். அதன் வெளிமுகமும் உள்முகமும் சாடிலுக்கு வழிகாட்டும். சக்கின் அருகேதான் வேலை அதிகம் நடக்கும் என்பதால் அந்த இடத்தில் உள்முகம் தேய்கிறது. தேய்ந்தால் சாடில் அங்கே தளரும், வால்பக்கம் போனால் இறுகும். நேரான தண்டு கடையமுடியாது. ஆனால் பின் தண்டவாளத்தின் பின்முகத்தைச் சாடில் ஒருநாளும் தொட்டதில்லை. அது தொழிற்சாலையிலிருந்து வந்த அன்றைக்கு எப்படியோ அப்படியே நேராக இருக்கிறது.

பித்தளைத் துண்டு சரியாக அந்த முகத்தில் போய் உட்கார்ந்தது. உள்ளங்கையால் சாடிலைத் தள்ளினேன். தலைப்பக்கமிருந்து வால்பக்கம்வரை ஒரே இறுக்கத்தில், பட்டுத்துணி இழுபடுவதுபோல் போனது.

தேய்ந்த முகத்தைக் கைவிட்டு, தேயாத முகத்தைப் பிடித்துக்கொள்ளச் செய்திருந்தார் அந்த மனிதர். பிறகு தேடி வாசித்தேன். பழைய எம்.எல்.7 வைத்திருந்தவர்கள் பலர் வீட்டிலேயே செய்துகொண்ட திருத்தம் இது. மைஃபோர்ட் நிறுவனமும் 1970களின் தொடக்கத்தில் தன் புதிய லேத்துகளை இதே முறையில், அகன்ற வழிகாட்டியோடு செய்யத் தொடங்கியது. கொட்டிலுக்குள் அரத்தோடு நின்றவர்கள் கண்ட வழியும் தொழிற்சாலை கண்ட வழியும் ஒன்றாகவே இருந்திருக்கின்றன. அந்தத் துண்டு இல்லாமல் இந்த லேத் எப்போதோ பழைய இரும்புக்குப் போயிருக்கும். வியாபாரி ஒறிஜினல் இல்லை என்று காட்டிய பாகம்தான் மற்ற ஒறிஜினல் பாகங்களையெல்லாம் உயிரோடு வைத்திருந்தது.

மறுநாள் அவருக்கு இல்லை என்று செய்தி அனுப்பினேன்.

*

நான் 1994இல் ஊரைவிட்டு வந்தேன். 1995 ஒக்டோபர் கடைசியில் வலிகாமத்து மக்கள் எல்லோரும் ஒரே இரவில் வெளியேறிய இடப்பெயர்வு நடந்தது. மழை, நாவற்குழிப் பாலம், சைக்கிள்களில் மூட்டைகள். அம்மா பிறகு எழுதிய கடிதங்களில் அது துண்டு துண்டாக வந்தது. லேத்தைச் சைக்கிளில் கட்டமுடியாது. அண்ணை பட்டறைக் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் கட்டிக்கொண்டு போனாராம்.

1996இல் சனங்கள் திரும்பத் தொடங்கியபோது அவரும் போயிருக்கிறார். கதவு இல்லை. பெட் மட்டும் சீமெந்துத் தளத்தில் இறுக்கியபடி நின்றது. தலை, வால், சாடில், லீட் ஸ்குரூ, பல்சக்கரங்கள் எல்லாம் போய்விட்டன. ஆர் கழற்றியது என்று அவர் ஒருவரிடமும் கேட்கவில்லை என்று அம்மா எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அவர் லேத் வாங்கவில்லை.

அந்த லேத் எந்த நிறுவனத்தினது என்று நான் ஒருநாளும் பார்க்கவில்லை. பதினைந்து வயதில் அது லேத், அவ்வளவுதான். இப்போது நினைவிலிருந்து அதை அடையாளம் காண முயன்றிருக்கிறேன். பெட்டைத் துடைக்கும்போது துணிக்குக் கீழே கவிழ்த்த வி வடிவ முகடு ஒன்று விரலுக்குப் படும். ஆகவே தட்டைப் பெட் கொண்ட மைஃபோர்ட் அல்ல. தட்டைப் பெல்ட், படிப்படியான கப்பி. ஆகவே எங்கள் எம்.எல்.7ஐவிட மூத்ததாக இருக்கலாம். கைச்சக்கரத்தில் கோடுகள் அங்குலக் கணக்கில் இருந்தன, ஏனென்றால் அண்ணை எப்போதும் நூலிலும் தௌவிலும்தான் பேசுவார். இதற்குமேல் போக வழியில்லை. தொடரெண்ணை வாசிக்க விளக்கைச் சரித்துப் பிடிப்பதற்கு அந்த இரும்பு இன்று எங்கும் இல்லை.

ஆனால் அதன் குறுக்கு நகர்வுக்குரிய நட் அண்ணை தானே செய்தது என்பது தெரியும். அவர் அதை வெட்டியபோது எண்ணெய் விட்டவன் நான்தான். யாழ்ப்பாணத்திலோ வேறெங்கோ ஏதாவதொரு லேத்துக்குள் அந்த நட் இன்றும் இருந்தால், அதைக் கழற்றுகிறவர் இது ஒறிஜினல் இல்லையே என்றுதான் நினைப்பார்.

*

சென்ற ஆடி மாதம் லேத் ஓடியது. மகள்தான் சுவிச்சைப் போட்டாள். முதலில் ஒரு மென்னிரும்புத் தண்டை ஆறு அங்குலத்துக்குக் கடைந்து இரு முனைகளையும் அளந்தோம். வித்தியாசம் ஒரு தௌவுக்கும் குறைவு, அங்குலத்தின் ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. பித்தளைத் துண்டு தன் வேலையைச் செய்கிறது.

டேர்பி அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். கொஞ்சநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, அந்தப் பென்சில் எழுத்து மூடியில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். மூடிக்கு வர்ணம் பூசும்போது உட்பக்கத்தை விட்டுவிட்டிருந்தேன்.

இந்த லேத்தும் என்னோடு முடியப்போவதில்லை. ஆகவே ஒரு கொப்பியில் பாகங்களையெல்லாம் எழுதிவைத்திருக்கிறேன், பக்கத்துக்குப் பக்கம் தமிழிலும் ஆங்கிலத்திலும். எது பீஸ்டனில் செய்தது, எது பிறகு வாங்கியது, எந்தச் சிம் எந்தப் பக்கத்தது, எது ஆர் செய்தது என்று தெரியாதது. சிம்களின் ஓரத்தில் இப்போது ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று சின்னதாகக் குத்தியிருக்கிறது. அதை மகள் செய்தாள்.

சாடிலுக்கான பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: பின்பக்கம் உள்ள பித்தளைத் துண்டு தொழிற்சாலையில் செய்ததல்ல. இதை வைத்திருந்தவர் கையால் செய்தது. கழற்றவேண்டாம்.